யாப்பும் நாடகக் குரலும்

செய்யுளை ஆராய்வது என்றவுடன் மாணவர் பலர் முதலிற் செய்வது அலகிடுதலே. சீர்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தேமா, புளிமா என வாய்பாடு எழுதி, தளையைக் கண்டு, அடியை எண்ணி, ஈற்றில் பாவின் பெயரைக் குறித்துவிட்டால் யாப்பாராய்ச்சி நிறைவெய்திற்றென்று கருதுவர். அதன் பின்னர்க் கருத்து, உவமை, சுவை என்பன பற்றி எழுதுமிடத்து, முன்னர் அலகிட்டதற்கும் அவற்றிற்கும் யாதொரு தொடர்பும் இருப்பதில்லை. யாப்பு ஒரு புறம், பொருள் ஒரு புறமாக நின்றுவிடுகின்றன. இக்குறை மாணவரை மட்டும் சார்ந்ததன்று. செய்யுளின் உருவத்தைப் புறத்தோடாகவும் கருத்தை உள்ளீடாகவும் கருதி, ஓட்டை உடைத்து எறிந்துவிட்டு உள்ளீட்டை மாத்திரம் சுவைக்க முயலும் திறனாய்வாளரும் உளர். நாடகச் செய்யுளில் இவ்வழக்கம் பெருந் தீங்கு விளைவிக்கும். ஏனெனில் அங்கே யாப்பென்பது ஒரு மனிதனுடைய குரல்.

இப்பிரிவினை எப்பொழுது தோன்றியது என்று வினவுவார்க்கு இலக்கண நூல்களே ஒருவாறு விடை தருகின்றன. அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறனையும் உறுப்புக்களாகக் கொண்டு உறுப்பியலை அமைத்தது. பயில்வோர்க்கு இது மிகவும் வாய்ப்பான வகுப்பு; எண்ணவும் அளக்கவும் கூடியவை மாத்திரமே இதில் உள்ளன. (எழுத்தெண்ணிப் பாடவேண்டிய கட்டளைக் கலித்துறையிலேயே தம் நூலை இயற்றிய ஆசிரியர் அளவையிற் பற்றுடையவராக இருந்தமை வியப்பன்று.) தொல்காப்பியச் செய்யுளியலோ உறுப்புக்களை முப்பத்து நான்காகக் கூறும். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, தொடை என்பவற்றோடு ஒரே வரிசையில் நோக்கு, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அசையும் சீரும் செய்யுளுக்கு உறுப்பாவது போலவே, இதனைச் சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்து, எக்காலத்து என்பனவும் உறுப்பாகும் என்பது தொல்காப்பியர் கொள்கை. கூற்றும் கேட்போரும் களனும் மெய்ப்பாடும் நாடகத்திற்கு இன்றியமையாதவை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழ்ச் செய்யுளியல் தன் பழைய வடிவில் நாடக நோக்குடையது எனலாம். முப்பத்து நான்கு ஆறாகச் சுருங்கியபோது அந்நோக்கு வகுப்பறையை விட்டு மறைந்தது.

இனி, பாக்களின் ஓசையை இவ்வகையில் நோக்குதல் வேண்டும். வெண்பாவிற்குச் செப்பலோசையும், ஆசிரியத்திற்கு அகவலோசையும், கலிக்குத் துள்ளலோசையும், வஞ்சிக்குத் தூங்கலோசையும் உரியவென்று எல்லோரும் மனனஞ் செய்வர். செப்புதலென்பது ஒருவர் வினாவிற்கு விடையாகவோ, ஒருவரை முன்னிறுத்தியோ சொல்லுதல். அகவுதலென்பது அழைத்துக் கூறுதல். எதிரிருப்பவர் இடையிற் பேசுவதற்கு இடமின்றித் தான் கருதியதை வரையாது சொல்லிச் செல்லுதல். குறி சொல்லும் அகவன் மகளிர் பெயரும் இச்சொல்லின் வழியதே. ஆகவே, இவ்வோசைப் பெயர்கள் வெறுஞ் சந்தப் பெயர்களல்ல. பேசுகின்றவன் நிலையைக் குறிப்பன.

இதனை உட்கொண்டு வெண்பாவை நோக்கின் அதன் அமைப்பு விளக்கமுறும். வெண்பாவில் வெண்டளையன்றிப் பிற தளை விரவுதல் கூடாது. மாச்சீரின் முன் நிரையும், விளச்சீரின் முன்னும் காய்ச்சீரின் முன்னும் நேரும் வந்தே தீரவேண்டும். ஒவ்வொரு சீரும் தனக்கு அடுத்து வருஞ் சீரின் முதலசையைத் தானே தீர்மானித்து விடுகின்றது. முடிவில் நாற்சீரடி முச்சீரடியாய்க் குறுகி, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றிற் சட்டென நிற்கின்றது. தாழ்ப்பாள் விழுவது போன்ற ஓசை அது. அறவுரைக்கும், இருவர் சொற்போரில் ஒருவர் வாயடைக்கச் சொல்லும் விடைக்கும் வெண்பா ஏன் இத்துணைப் பொருந்துகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. புகழேந்திப் புலவர் நளவெண்பாவிற் கதை முழுவதையும் வெண்பாவினாலேயே நடத்தினாரெனினும், அங்கே கதை நீரோட்டமாகச் செல்லாமல் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு வெண்பாவும் ஒரு படி. அது குறையென்று சொல்வதற்கில்லை. சித்திரக்கூடத்திலே ஒரு படத்தினின்றும் அடுத்த படத்திற்குச் செல்வது போன்ற இன்பம் அதனால் உண்டாகிறது. ஆயினும் இடைமறித்துப் பேசும் நாடக மாந்தருக்கு அந்த உருவம் இடங்கொடாது.

ஆசிரியப்பாவிற்கு இந்தத் தாழ்ப்பாள் இல்லை. நேரிசை ஆசிரியத்தில் ஈற்றயலடி முச்சீராகக் குறைந்து முடிவை முன்னறிவிப்பதுண்டு. நிலைமண்டிலத்தில் எல்லா அடிகளும் நாற்சீராகவே செல்லும். தளைக் கட்டுப்பாடு நெகிழ்ந்தது. வாக்கியம் எத்தனை அடிகளை வேண்டினும் கடந்து ஓடலாம். ஈற்றில் வரும் ஏகாரம் ஒன்றே பேச்சு முடிந்தமைக்கு அடையாளமாகும்.

எதுகை, மோனை என்பவற்றையும் இவ்வாறே நோக்குதல் தகும். ஆங்கிலச் செய்யுளில் ஒலியொப்புமை பெரும்பாலும் அடியின் இறுதியில் வருவது. தமிழில் அதற்கு ஒத்தது இயைபு. தமிழ்ச் செய்யுளின் முதன்மைத் தொடையாகிய எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் அமைவது. இவ்வேறுபாட்டை ஓர் அணி வேறுபாடாக மட்டும் கருதினால் அதன் பயன் புலனாகாது. இறுதியில் ஒலி ஒன்றும்போது கேட்போன் அதனை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். அது வந்ததும் ஒரு கணக்கு முடிந்தது போன்ற நிறைவு தோன்றுகின்றது. முதலில் ஒலி ஒன்றும்போது எதிர்பார்ப்பு இல்லை, நினைவே உண்டு. புதிய அடி தொடங்கியது என்பதை முன்னடியின் தலையை நினைவூட்டி அது காதுக்கு அறிவிக்கின்றது. எடுத்துக்காட்டின் பொருட்டு இயற்றிய இவ்விரண்டு அடிகளைக் காண்க:

நெஞ்சம் அறிந்ததை நாவுரை யாமல்
அஞ்சி நின்றனன் அவன்முன் பலநாள்

இங்கே வாக்கியம் முதலடியின் முடிவில் நிற்கவில்லை. ‘யாமல்’ என்னும் எச்சத்தோடு அடுத்த அடிக்குள் தாவுகின்றது. பொருள் நோக்கி வாசிப்பவன் அடியெல்லையில் நிறுத்தமாட்டான். ஆயினும் ‘நெஞ்ச’, ‘அஞ்சி’ என்னும் எதுகையினால் அடி தொடங்கிய இடம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. இயைபற்ற ஆங்கில ஐஞ்சீரடியில் வாக்கியம் அடி கடந்து ஓடினால், நூலைக் கண்ணாற் காணாது கேட்பவன் அடியெல்லையை இழந்துவிடுதல் எளிது. தமிழ்க் கேட்போனுக்கு அவ்விழப்பு அத்துணை எளிதாக நேர்வதில்லை. பழைய ஏடுகளில் செய்யுள்கள் அடி பிரிக்கப்படாமல், ஓலையின் ஒரு முனையினின்றும் மறுமுனை வரை உரைநடை போலவே தொடர்ந்து எழுதப்பட்டன என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். அவ்வேடுகளைப் பார்த்துப் பதிப்பித்தோர்க்கு அடி எங்கே தொடங்கியது என்று காட்டியவை எதுகையும் மோனையுமே. ஒரு சீர் குறைந்திருந்தால் எழுதியோன் ஒரு சொல்லை விட்டுவிட்டான் என்று காட்டியதும் யாப்பே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டு அச்சேற்றியபோது அவருக்கு அலகிடும் அறிவு தேர்வுக்குரிய பாடமாக இருக்கவில்லை. சிதைந்த ஏட்டில் வழி காட்டும் விளக்காக இருந்தது.

கலித்தொகையைப் பற்றிச் சொன்னமையால் கலிப்பாவைச் சிறிது விரித்து நோக்கலாம். அகப்பொருளை நாடக வழக்கும் உலகியல் வழக்கும் தழுவிப் பாடுதற்குக் கலியும் பரிபாடலும் உரியவெனத் தொல்காப்பியர் வரையறுத்தார். மற்றைப் பாக்களை விடுத்து இவற்றைத் தெரிந்தமைக்குக் காரணம் கலியின் உறுப்பமைப்பிற் புலப்படும். தரவு ஒன்றனை எடுத்துரைக்கும். தாழிசைகள் அதனையே மூன்று முறை திருப்பித் திருப்பி வேறு வேறு சொல்லாற் கூறும். தனிச்சொல் ஒன்று எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தும். பின்னர்ச் சுரிதகம் ஆசிரியத்தாலேனும் வெண்பாவாலேனும் வந்து முடித்துவைக்கும். ஒருவரை இரந்து, வற்புறுத்தி, மூச்சுவிட்டு, பின் தீர்ப்புக் கூறும் பேச்சின் நடை இது. தாழிசை மும்முறை அடுக்கி வருதல் புலவன் சொல்வளத்தைக் காட்டுதற்காகவன்று. தோழி தலைவனை ஒரு முறை சொல்லி இணங்கச்செய்ய இயலாது என்பதனாலாகும்.

இதனினும் நுட்பமானது உறழ்கலி. ஒருவர் கூற்றும் மற்றவர் மாற்றமும் இடையிடையே மிடைந்து வருவது அது. அத்தகைய கலிக்குப் போக்கு, அதாவது சுரிதகம், இல்லாமையே இயல்பு என்று இலக்கணம் கூறுகின்றது. இருவர் வாதாடும்போது முடித்துவைக்கும் உறுப்பு யாருடைய வாயில் வருவது? யாரேனும் ஒருவர் வாயில் வருமாயின் அவரே வென்றவராவர். இருவரையும் கடந்த ஒரு குரலில் வருமாயின் அங்கே புலவன் தலைகாட்டியவனாவான். ஆதலின் இலக்கணநூலார் அதனை நீக்கினர். நாடகாசிரியன் எவர் பக்கமும் சாராது நிற்றல் வேண்டுமென்று இக்காலத்தார் கூறும் கருத்து, ஓர் உறுப்பை விலக்கிய விதியாக அங்கே அமைந்து கிடக்கின்றது. மருதக்கலியிற் கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளி உரையாடும் செய்யுளைப் படிப்போர், அரங்கக் குறிப்பு ஒன்றேனும் இல்லாமலே அவ்விருவரும் நிற்கும் நிலையையும் திரும்பும் திருப்பத்தையும் காணலாம். கூற்று மாறும் இடத்தில் ஓசையும் மாறுவதே அதற்குக் காரணம்.

சிலப்பதிகாரம் இவ்வகை ஆராய்ச்சிக்குப் பெருங் களம். அதன் காதைகள் பெரும்பாலும் நிலைமண்டில ஆசிரியத்தால் நடப்பன. இடையிடையே கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, ஊர்சூழ்வரி, குன்றக் குரவை என இசைப்பாக்கள் நுழைகின்றன. இவற்றை இடைவேளை இன்பமாகக் கொள்வாருமுளர். அது பொருந்தாது. காப்பியத்தின் திருப்பங்கள் பல இசைப்பாக்களிலேயே நிகழ்கின்றன. கானல்வரியை எடுத்துக்கொள்க. கடற்கரையில் மாதவி யாழைக் கோவலன் கையிற் கொடுக்கின்றாள். அவன் காவிரியையும் நெய்தற் கானலையும் பொருளாகக் கொண்டு பாடுகின்றான். அப்பாட்டின் தலைவனும் தலைவியும் வரிப்பாட்டு மரபில் வரும் மாந்தர். கோவலனும் அல்லர், வேறொருத்தியும் அல்லர். மாதவி அதனைக் கேட்டு, இவன் உள்ளத்தில் வேறு யாரோ உளர் என்று கருதுகின்றாள். கருதியவள் யாழை வாங்கி, தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அதனை உண்மையென்றே கோவலன் கொண்டு, அவளைப் பிரிந்து செல்கின்றான். பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை.

இங்கே நேர்ந்தது யாது? பாட்டின் கூற்றைப் பாடுவோரின் கூற்றாக மயங்கினமை. வரிப்பாட்டில் தலைவி பேசுகின்றாள் என்றால், அங்கே பேசுபவள் மாதவியல்லள் என்பது இசையும் கூத்தும் நாடகமும் பயின்ற அவ்விருவரும் அறியாததன்று. அறிந்தும் மயங்கினர், ஊடல் அவ்வறிவை மறைத்தது. பாட்டின் உருவத்தை மறந்து பொருளை மட்டும் கேட்டதன் பயன் இது என்று கூறின் மிகையாகாது. இளங்கோவடிகள் இதே செய்தியை அகவலிற் கூறியிருந்தால், கோவலன் ஐயுற்றான், மாதவி புலந்தாள் என்று சுருங்க முடிந்திருக்கும். வரிப்பாட்டாகவே தந்தமையால், படிப்போரும் அம்மயக்கத்தினுள் ஒரு கணம் நின்று, இது யார் குரல் என்று ஐயுறுகின்றனர்.

மதுரைக் காண்டத்தில் ஊர்சூழ்வரியும் வழக்குரை காதையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமையும் இவ்வாறே கருதத் தக்கது. ஊர்சூழ்வரியிற் கண்ணகி தெருவிலே கதறுகின்றாள். பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உண்டோ என்னும் வினா அடுக்கடுக்காக மீண்டு வருகின்றது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து முன்னேற முடியாமற் சுழல்கின்றது. துயரத்தின் நடை அது. அரசன் முன் நின்றபோது அச்சுழற்சி இல்லை. நீ யார் என்று வினாவிய பாண்டியனுக்கு அவள் தரும் விடை பத்துக்கு மேற்பட்ட அடிகளைக் கடந்து செல்லும் ஒரே வாக்கியம். சோழர் முறைசெய்த வரலாறு, புகார் நகரம், கணவன் குடி, அவன் சிலம்பு விற்க வந்தமை, கொலையுண்டமை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் எச்சங்களாக அடுக்கி வர, அவள் பெயர் கடைசியில் ஏகாரத்தோடு வருகின்றது. அகவலின் ஈற்றசையும் அவள் பெயரும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. அந்த அடி முடிவதற்குள்ளேயே அரசனது விளி தொடங்கிவிடுகின்றது. அவன் சொல்லும் விடையோ ஓரிரு அடிகளில் ஒடுங்குகின்றது. வழக்கில் யார் வெல்வார் என்பதைச் சிலம்பு உடைபடுமுன்னரே அடிகளின் அளவு சொல்லிவிடுகின்றது எனலாம். இதனைக் காண்பதற்குத் தேமா புளிமா அறிந்தால் மட்டும் போதாது. ஆனால் அவற்றை அறியாதவர் காணவும் இயலாது.

மேலைநாட்டு நாடகத்தில் யாப்பின் பணியை அறிவதற்கு ஆங்கிலமே தக்க சான்று. அங்கே அசையின் நெடுமை குறுமையன்று, அழுத்தமே அளவை. அழுத்தமற்ற அசையும் அழுத்தமுற்ற அசையும் மாறி மாறி ஐந்து முறை வருவது அவர்களுடைய நாடக அடி. இறுதியில் ஒலியொப்புமை வேண்டுவதில்லை. சறே பிரபு வேர்ஜிலின் காப்பியப் பகுதிகளை மொழிபெயர்த்தற்கு இவ்வடியைக் கையாண்டார். 1561 ஆம் ஆண்டினை ஒட்டி அரங்கேறிய ‘கோபொடுக்’ என்னும் நாடகத்தில் அது மேடையேறியது. மார்லோ அதற்கு முழக்கத்தைக் கொடுத்தார். செகசிற்பியார் அதற்கு மனிதரின் மூச்சைக் கொடுத்தார். (ஷேக்ஸ்பியருக்குச் செகசிற்பியார் என்னும் பெயர் விபுலாநந்த அடிகள் வழங்கியது. அன்னார் நாடகங்கள் பன்னிரண்டினைத் தமிழ் நாடக மரபோடு ஒருங்கு வைத்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது.)

செகசிற்பியாரின் திறமை அடியை இயற்றுவதில் எவ்வளவோ அவ்வளவு அதனைக் கைவிடுவதிலும் உண்டு. யூலியஸ் சீசரில், சீசரின் பிணத்தின் முன் புரூட்டஸ் உரைநடையிற் பேசுகின்றான். வாக்கியங்கள் தராசுத் தட்டுப்போல் இருபுறமும் நிறையிடப்பட்டவை, குற்றங் காண முடியாதவை, குளிர்ந்தவை. அடுத்து வரும் அந்தோனி செய்யுளிற் பேசுகின்றான். கொலைஞரை மதிப்புக்குரியோர் என்று அவன் மீண்டும் மீண்டும் கூற, அதே சொல் அதே அடியளவில் வந்து விழுந்து, ஒவ்வொரு முறையும் பொருள் திரிந்து, ஈற்றில் வசையாகவே முடிகின்றது. உரைநடையில் அச்சொல்லை அத்தனை முறை கூறின் சலிப்பே தோன்றும். றோமியோவும் யூலியெற்றும் முதன்முறை உரையாடும் பகுதியைப் பிரித்துப் பார்த்தால், இருவர் பேச்சும் சேர்ந்து பதினான்கு அடிகொண்ட ஒரு சொனெற் ஆகின்றது. அவன் தொடங்கிய ஒலியை அவள் நிறைவு செய்கின்றாள். காதல் உண்டாயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட்டை இருவர் பாடி முடித்துவிட்டனர். மக்பெத்தில் சூனியக்காரிகள் நான்கழுத்த அடியில், அழுத்தம் முதலில் விழும்படி பேசுவர். மானிடர் நடைக்கு அது தலைகீழானது. அந்நாடகத்தின் அரசி, துயிலில் நடந்து கைகழுவும் காட்சியில், அதுகாறும் ஆண்ட செய்யுளை இழந்து உடைந்த உரைநடையிற் பேசுகின்றாள். அவள் மனம் தன் ஆட்சியை இழந்தமைக்கு மருத்துவன் கூறும் சான்றினும் அதுவே சிறந்த சான்று.

இம்மரபினைத் தமிழுக்குக் கொணர முயன்றவர் பேராசிரியர் பெ. சுந்தரம்பிள்ளை (1855–1897). லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் கதையைத் தழுவி அவர் இயற்றிய மனோன்மணீயம் 1891 இல் வெளிவந்தது. ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட அந்நாடகத்திற்கு அவர் தெரிந்தெடுத்த யாப்பு ஆசிரியம். விருத்தமும் கீர்த்தனையுமே நாடகத்திற்குரியவெனக் கருதப்பட்ட காலத்தில் அது துணிவான தெரிவு, சரியான தெரிவுமாகும். தளை நெகிழ்ச்சியும், அடி கடக்கும் உரிமையும், தாழ்ப்பாளின்மையும் இயைபற்ற ஐஞ்சீரடிக்கு அதனை நெருங்கிய உறவாக்கின. ஓர் அடியின் சீர்களை இருவரோ மூவரோ பகிர்ந்து பேசும் உத்தியையும் அவர் ஆண்டார். அதன் ஆற்றலை அறிதற்கு இவ்வடி போதுமானது. போர்க்களத்தினின்று மீண்டவனை ஒரு தாய் வினாவுவதாகக் கொள்க:

‘வந்தனை?’ ‘வந்தேன்.’ ‘மகனோ?’ ‘இல்லை.’

கூவிளம், தேமா, புளிமா, தேமா என நான்கு சீர். பழுதற்ற ஓர் ஆசிரிய அடி. நான்கு கூற்றுக்கள் ஓரடியில் அடங்கின. அடியின் அளவு முன்னரே காதில் இருத்தலின், மூன்றாஞ் சீரோடு கேட்போன் நான்காவதை எதிர்நோக்கி நிற்கின்றான். அந்த ஒரு சீருக்குரிய இடத்தில் வருவது மறுப்பு. விடை தாமதிக்குமாயின் அத்தாமதமும் அடியினுள்ளேயே நிகழும். உரைநடையிலே இதே நான்கு சொற்களை எழுதின் துயரம் உண்டாகாதென்பதன்று. அத்துயரத்திற்கு அளவு உண்டாகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மேற்காட்டிய அடியில் முதல் இரண்டு தளைகளும் இயற்சீர் வெண்டளை. மூன்றாவது, புளிமாவின் முன் நேர் வருதலின், நேரொன்றாசிரியத்தளை. ‘இல்லை’ என்னுஞ் சொல்லின் வாயிலில் தளை மாறிற்று, ஆகவே தாயின் உள்ளமும் அங்கே முறிந்தது என்று எழுதுவதற்கு ஆர்வமிக்க மாணவன் ஒருவனுக்கு ஆசை உண்டாகும். ஆசிரியத்தில் இவ்விரு தளைகளும் விரவுதல் அன்றாட நிகழ்ச்சி. பத்து அடிகளை அலகிட்டால் இருபது இடங்களிற் காணலாம். எப்பொழுதும் நிகழ்வது எதற்கும் சிறப்புச் சான்றாகாது. வழக்கத்தினின்றும் செய்யுள் விலகும் இடத்திலேயே யாப்பு பேசத் தொடங்குகின்றது. வழக்கத்தை அறிவதற்கோ நூறு அடியேனும் பொறுமையோடு அலகிட்டுப் பழகியிருத்தல் வேண்டும்.

மனோன்மணீயத்திற்குத் திரும்பின், அதன் குறையையும் யாப்பின் வழியே காணலாம். சீவகன் பேசினும் குடிலன் பேசினும் சுந்தர முனிவர் பேசினும் அகவல் பெரும்பாலும் ஒரே நடையிற் செல்கின்றது. குடிலனுடைய தனிமொழிகளில் மட்டும் வாக்கியங்கள் குறுகி, வினாவும் விடையும் தானேயாகி, சூழ்ச்சியின் நெளிவு ஓசையிலும் தெரிகின்றது. ஏனையோர் அகவுகின்றனர், கேட்போரை மறந்து தாம் கருதியதைக் கூறிச் செல்கின்றனர். படித்தற்குரிய நாடகமென்றே அது பெரிதும் போற்றப்பட்டு வருதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கதையினுள் கதையாக வரும் சிவகாமி சரிதம் வேறு யாப்பில் அமைந்தமையால், அங்கே வந்ததும் காதுக்கு ஒரு புத்துணர்ச்சி உண்டாகின்றது.

ஒரே யாப்பால் நாடகம் முழுவதையும் நடத்தும் இடர்ப்பாடு நம் நாட்டுக் கூத்தில் எழவே இல்லை. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் விருத்தம், தரு, கொச்சகம், வசனம் என்பன ஒவ்வொன்றும் தனக்குரிய தொழிலைச் செய்கின்றன. வரவுத் தரு மத்தளத்தோடும் தாளத்தோடும் ஆட்டத்தோடும் வருவது. களரியிற் புகும் பாத்திரம் அரசனா, அமைச்சனா, மந்திரவாதியா என்பதை அதன் தாளக்கட்டே உணர்த்திவிடும். விருத்தம் தாளத்தை விட்டு நின்று இழுத்துப் பாடப்படுவது. ஆட்டம் ஓய்ந்து, காலம் நின்று, மனம் வெளிப்படும் இடம் அது. கூத்துப் பிரதியை ஏட்டில் மாத்திரம் வாசிப்போர், விருத்தத்தில் சீர் மிகுந்தும் குறைந்தும் வருதலைக் கண்டு, நாட்டுப்புலவன் இலக்கணம் அறியான் என்று முடிவுகட்டுவர். அண்ணாவியார் பாடக் கேட்டால், மிகுந்த சீர் இசையில் அடங்கிப்போவதையும், குறைந்த சீரின் இடத்தைக் குரல் நிரப்புவதையும் காணலாம். ஏட்டில் எழுதப்பட்டது யாப்பின் பாதியே. 1960 ஆம் ஆண்டுகளிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்பட்டதனைச் சில மணி நேரத்துக்குட் சுருக்க வேண்டியதாயிற்று. எவ்விருத்தத்தை நீக்குவது, எத்தருவை வைப்பது என்பது அங்கே ஏட்டாராய்ச்சியாக இராமல் அரங்கின் உயிர்ப்பிரச்சினையாக நின்றது. எல்லா விருத்தங்களையும் நீக்கின் ஆட்டம் மிஞ்சும், ஆள் மறைவான். எல்லாத் தருக்களையும் நீக்கின் ஆள் மிஞ்சுவான், களரி உறங்கிவிடும்.

பேச்சுத் தமிழை மேடைக்குக் கொணர்ந்தவர்களுள் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை உரைநடையைக் கைக்கொண்டார். 1940 இல் வெளிவந்த நானாடகம் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சையே அரங்கேற்றியது. பின்வந்த மஹாகவியும் முருகையனும் அப்பேச்சோசையை மரபு யாப்பினுள்ளேயே கேட்க முயன்றனர். மஹாகவியின் ‘கோடை’ போன்ற பாநாடகங்களில் அடிகள் சீர்வழி பிரித்து அச்சிடப்படாமல், பேசுவோர் மூச்சுவிடும் இடத்தில் முறிக்கப்பட்டுள்ளன. கண்ணுக்கு அது யாப்பற்றது போலத் தோன்றும். முறித்த வரிகளைச் சேர்த்து ஒருமுறை உரக்க வாசித்தால், எதுகை தன் இடத்தில் வந்து நிற்பதும் சீர்கள் தம் வரிசையிற் கூடுவதும் காதுக்குப் புலனாகும். ஏட்டிலே தொடர்ந்து கிடந்த செய்யுளைப் பழம் பதிப்பாசிரியர்கள் எவ்வாறு அடி பிரித்தனரோ, அவ்வாறே இவற்றையும் வாசகன் தானே கூட்டிப் பிரித்துக் காண வேண்டியிருக்கின்றது.